துரை சொன்ன ஒற்றைச் சொல்

முன்னொரு காலத்தில், ரயிலும் தந்தியும் எட்டிப் பார்க்காத நாளில், நெடுங்கரை நாட்டைச் சங்கிலிவீரப்ப ராஜா ஆண்டுவந்தார். நாடு சின்னது. பட்டத்து யானை படுத்துப் புரண்டால் வால் பக்கத்து ராஜ்ஜியத்தில் கிடக்கும். ராஜாவின் கோபம் மட்டும் பெரிசு. காலையில் போட்ட உத்தரவு மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாறிவிடும்.

மந்திரி மாசிலாமணி ராஜாவுக்குப் பால்ய சிநேகிதர். துபாஷி திருவேங்கடம் வெள்ளைக்காரர் பேச்சைத் தமிழில் சொல்ல வந்தவர். தினமும் ராஜாவுக்கு இங்கிலீஷ் பாடம் நடத்துவார். மந்திரி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று துபாஷிக்கு நினைப்பு. மந்திரிக்குக் கண்தான் மூடும், காது மூடாது. அவர் நாற்காலி மேல் துபாஷிக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

ஒருநாள் துபாஷி ஆரம்பித்தார். "மகாராஜா, வெள்ளைக்காரத் துரை வரப்போகிறார். முற்றத்திலே பாசி பிடித்த கிணறு! பார்த்தால் என்ன நினைப்பார்? தூர்த்துவிட்டுக் கண்ணாடி மண்டபம் கட்டிவிடலாமே."

மாசிலாமணி கண்ணைத் திறந்தார். அந்தக் கிணற்றில்தான் சின்ன வயசில் அவரும் இளவரசர் சங்கிலியும் கோடை முழுக்கக் கிடந்தார்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து குதித்தால் மூக்கில் தண்ணீர் ஏறும், காது அடைக்கும், மேலே வட்டமாக வானம் ஆடும். சங்கிலியின் அப்பா பெரிய ராஜா எட்டிப் பார்த்து, "அடேய் தவளைகளா, ஏறி வாங்கடா!" என்று கத்துவார். அந்தக் குரல் இன்னும் கிணற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதாக மந்திரிக்கு ஒரு நினைப்பு.

"கிணறு இருக்கட்டும் மகாராஜா" என்றார்.

"மந்திரியாருக்கும் வயசாச்சு, கிணற்றுக்கும் வயசாச்சு" என்றார் துபாஷி. சபை சிரித்தது.

ராஜா தொடையைத் தட்டினார். "துரைக்குத்தானே மண்டபம்? அவரே சொல்லட்டும். கிணற்றடியில் அவர் வாயில் வரும் முதல் வார்த்தைதான் தீர்ப்பு. மாசிலாமணி, அது உமக்குச் சாதகமாக இல்லையென்றால் கிணறும் போச்சு, உம்முடைய பதவியும் போச்சு!"

துரை வந்தார். நல்ல வெயில். கிணற்றடியில் குதிரையில் இருந்தபடியே ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்தார். மேலே பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.

"வெல்..." என்றார்.

அந்த நேரம் பார்த்து மரியாதை வேட்டு வெடித்துத் தொலைத்தது. துரையின் குதிரை மிரண்டு, அவரையும் தூக்கிக்கொண்டு, மூன்று ராஜ்ஜியம் தாண்டித்தான் நின்றதாம். தொப்பி மட்டும் முற்றத்தில் கிடந்தது.

சபைக்குத் திரும்பியதும் ராஜா விழித்தார். "வெல் என்றாரே, என்ன அர்த்தம்?"

"ஒன்றுமே இல்லை மகாராஜா" என்றார் துபாஷி, உதட்டைச் சுழித்து. "நாம் 'வந்து...' என்று இழுப்போமே, அப்படி ஒரு இழுப்பு. கிணற்றைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வரவில்லை. தூர்த்துவிடலாம்."

மந்திரி மெல்ல எழுந்தார். "துபாஷியாரே, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கேட்டால் சொல்வீரா?"

"தாராளமாக."

"கிணற்றுக்கு என்ன?"

"வெல்."

"நன்றாக என்பதற்கு?"

"அதுவும்... வெல்தான்."

"நோய் நொடியில்லாமல் சௌக்கியம் என்பதற்கு?"

துபாஷியின் கழுத்தில் வேர்வை இறங்கியது. "அதற்கும் வெல் என்பதுண்டு."

"ஆக, கிணறு, நன்றாக, சௌக்கியமாக இருக்கிறது! இத்தனையையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டாரே மனிதர்!"

"இல்லை, இல்லை! அவர் தயங்கி இழுத்தது எல்லார் காதிலும் விழுந்ததே!"

"இருக்கட்டும் ஐயா. தண்ணீர் குடித்த துரையே தூர்க்கத் தயங்குகிறார். குடிக்காத உமக்கென்ன அவசரம்?"

சபை கொல்லென்றது. மந்திரி ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, இங்கிலீஷ் கிடக்கட்டும். நம்ம தமிழில் வெல் என்றால்?"

ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "ஜெயி!"

"துரை யாரைப் பார்த்துச் சொன்னார்?"

"கிணற்றைப் பார்த்து!" ராஜாவுக்குச் சிரிப்பில் கண் கலங்கியது. "கிணறு ஜெயித்தது! ஓய் திருவேங்கடம், உத்தரவு வாங்கிக்கொள்ளும்போது சொல்ல ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்தீரே?"

"பேர்வெல், மகாராஜா" என்றார் துபாஷி, வாசலைப் பார்த்தபடி.

"அதற்குள்ளேயும் வெல் இருக்கிறதே! போகவேண்டாம், வாரும். உமக்கு வேலை இருக்கிறது."

ராஜா நேரே கிணற்றடிக்கு நடந்தார். கிரீடத்தைக் கழற்றித் துபாஷியின் கையில் கொடுத்தார். பட்டு அங்கவஸ்திரத்தை அவர் தோளில் போட்டார். மந்திரியின் தலைப்பாகையையும் பிடுங்கித் துபாஷியின் தலையில் வைத்தார். துபாஷி துணி காயப்போட்ட கொடி மாதிரி நின்றார்.

ராஜா கைப்பிடிச் சுவரில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார்.  பிறகு, "டேய் மாசி" என்றார். அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "நீச்சல் ஞாபகம் இருக்காடா?"

மந்திரி தன் தொந்தியைப் பார்த்தார். ஆழத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"வெல்..." என்று இழுத்தார்.

அதற்கு அர்த்தம் கேட்க ராஜா காத்திருக்கவில்லை. ஒரே தள்ளு! பின்னாலேயே தானும் குதித்தார். எழும்பிய தண்ணீரில் முற்றமே நனைந்ததாம். துபாஷி கையிலிருந்த கிரீடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்ததாம்.

அவர்கள் ஏறி வந்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். ஏறி வரச் சொல்லிக் கத்தப் பெரிய ராஜா இல்லையே!