கூசாத பாதம்

குழந்தைவேலுவுக்கு அறுபத்தோரு வயது. முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மனைவி காலமான மூன்றாம் மாதம், ஐம்புலன்களையும் வெல்லப் போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்துவிட்டார். மடத்துச் சாமியாருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

மகன் இளம்பரிதி தேடி வந்து ஒரு வருஷம் கெடு வைத்தான். அதற்குள் சாமி காவி கொடுத்தால் அப்பா இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

இன்று கெடு முடிகிறது. வேப்பமரத்தடியில் மகன் ஒரு காலிப் பையோடு உட்கார்ந்திருந்தான். குழந்தைவேலு அந்தப் பையைப் பார்க்காத மாதிரி அவனைத் தாண்டி நடந்தார். நேரே சாமியிடம் போனார்.

"சாமி, நாலு புலன் அடங்கினது உங்களுக்கே தெரியும்."

"தெரியும். வேப்பிலைத் துவையலை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினீங்க. சமையல்காரர் பயந்துட்டார்."

"அஞ்சாவது தோல். அதையும் ஜெயிச்சுட்டேன்."

"எப்படி?"

குழந்தைவேலு இடுப்பிலிருந்து ஒரு மயிலிறகை உருவினார்.

"வெறுந்தரையில படுக்கறது, பச்சைத் தண்ணியில குளிக்கறது, இதெல்லாம் எல்லாரும் செய்யறது. தோலோட பெரிய சேட்டை கூச்சம். ஆறு மாசமா விடியக்காலையில நூத்தியெட்டுத் தடவை என் உள்ளங்காலை நானே வருடிக்கிறேன். துளி சிரிப்பு வரலை."

"முதல் நாள் எத்தனையாவது தடவையில சிரிச்சீங்க?"

குழந்தைவேலு யோசித்தார்.

"முதல் நாளே வரலை, சாமி. பூர்வ புண்ணியம்னு நினைச்சேன்."

சாமி மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். துண்டை வாயிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"செஞ்சு காட்டுங்க."

குழந்தைவேலு சம்மணமிட்டு, வலது பாதத்தைத் தொடைமேல் ஏற்றி, குதிகாலிலிருந்து விரல்வரை இறகை இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிய பஸ்ஸில் இருப்பதுபோல முகம் அசையாமல் இருந்தது.

மகன் எழுந்து வந்து பார்த்தான்.

"அப்பா, இதுக்குத்தான் வீட்டை விட்டு வந்தீங்களா?"

"நீ சும்மா இருடா. பதினெட்டு... எண்ணிக்கை தப்புது."

"போதும், இறகைக் கொடுங்க" என்றார் சாமி.

குழந்தைவேலு பெருமையாகக் கொடுத்தார். காலையும் நீட்டினார்.

இறகு பாதத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் வரும்போதே கட்டைவிரல் துடித்தது.

"சாமி, மெதுவா..."

"இன்னும் தொடவே இல்லையே."

தொட்டார். குழந்தைவேலு ஐயோ என்று துள்ளினார். இடது கால் சாமியின் சொம்பை உதைத்தது. சொம்பு படியிறங்கி உருண்டது. "விடுங்க சாமி, விடுங்க" என்று கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சாமி இறகை எடுத்து வெகு நேரம் கழித்துத்தான் சிரிப்பு நின்றது.

குழந்தைவேலு பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதே இறகு. அதே கால். என்ன சாமி இது அநியாயம்?"

"தோல் மேல தப்பில்லை. ரெண்டு தடவையும் சேதியைச் சரியாத்தான் அனுப்பிச்சுது. மண்டைக்குள்ள ஒரு கண்டக்டர் இருக்கார். உங்க கை ஏறினா, ஸ்டாஃப்தானேன்னு கண்டுக்க மாட்டார். வேற கை ஏறினா உடனே விசில்."

"நானும் ஸ்டாஃபை அப்படித்தான் விடுவேன்" என்று முனகினார் குழந்தைவேலு. பிறகுதான் விஷயம் உறைத்தது. "அப்ப எனக்குக் காவி?"

சாமி மகன் பக்கம் திரும்பினார். "தம்பி, பையை எடுத்து வாங்க."

குழந்தைவேலு சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு வருஷம் கொடுங்க சாமி. தோலை ஜெயிச்சே தீருவேன். வீட்டுல முடியாது. அவ போனதிலிருந்து, மருமக காபி டம்ளர் நீட்டும்போது விரல் பட்டாக்கூட எனக்கு அழுகை வந்துடுது. இத்தனைக்கும் முப்பத்திரண்டு வருஷம் கூட்டத்துல இடிபட்ட உடம்பு. இங்க பாருங்க, ஒரு வருஷமா அந்த மாதிரி ஒண்ணுமே ஆகலை."

சாமி அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"எப்படி ஆகும், கண்டக்டரே? இங்க உங்களைத் தொடற ஆள் நீங்க ஒருத்தர்தானே."