குகைக்குள் வளர்ந்த கையிருப்பு

"தொண்டையைக் காட்டு" என்றது மரநாய்.

இருவாச்சிப் பறவை குகை வாசலில் இறங்கிச் சிறகை மடக்குவதற்குள் அது பக்கத்தில் வந்துவிட்டது. முன்னங்காலால் பறவையின் கழுத்தை மேலிருந்து கீழாக அழுத்திப் பார்த்தது. உள்ளே உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தியது. அலகின் வழியாக ஓர் அத்திப்பழம் வெளியே விழுந்தது. அதன் பின்னால் ஒரு காட்டு ஜாதிக்காய்.

"இதெல்லாம் எங்க போகுது?"

"வீட்டுக்குண்ணே."

"முதல்ல குகை. அப்புறம்தான் வீடு."

மரநாய் பழங்களை மூக்கால் தள்ளியது. அவை குகையின் இருட்டுக்குள் உருண்டு போயின. விழுந்த சத்தம் உடனே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெத்தென்ற எதன் மீதோ விழுந்தது போலக் கேட்டது.

இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் போன வருஷத்துக் கோடை. அந்தக் கோடையில் காட்டில் பசி வந்தது. கரடியின் குட்டி அதில் இறந்தது. கரடி அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மழை வந்தபின் எல்லா விலங்குகளையும் பாறைக்கடியில் கூட்டி, அடுத்த கோடையில் இந்தக் காட்டில் ஒரு குட்டிகூடச் சாகக் கூடாது என்று மட்டும் சொன்னது. யாரும் மறுக்கவில்லை. அதையே தலைவியாக வைத்துச் சபை அமைத்தார்கள்.

கரடி காடு முழுவதும் நடந்து பார்த்தது. குரங்கு பாதி கடித்துவிட்டு மீதியை எறிந்தது. அணில் கொட்டைகளைப் புதைத்துவிட்டுப் புதைத்த இடத்தை மறந்தது. இருவாச்சி பழத்தை விழுங்கிவிட்டுக் கொட்டையைக் கீழே துப்பியது. காடு தருவதில் பாதி மண்ணுக்குப் போகிறது என்று கரடிக்குத் தோன்றியது. மண்ணுக்குப் போவதெல்லாம் வீண் என்று அது முடிவு செய்தது.

அதனால் உத்தரவு வந்தது. பழுத்தது எல்லாம் முதலில் குகைக்கு வர வேண்டும். குகையிலிருந்து எல்லோருக்கும் சமமான பங்கு. மிச்சம் கோடைக்கு. தரையில் ஒரு கொட்டைகூடக் கிடக்கக் கூடாது. விழுந்ததைப் பொறுக்க முள்ளம்பன்றியை நியமித்தார்கள். வாசலுக்கு மரநாய்.

நல்ல உத்தரவு. இருவாச்சியும் அன்றைக்குச் சிறகைத் தூக்கி ஆதரவு சொன்னது.

ஆனால் இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பனி முடிந்ததும் பெட்டை ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்காரும். பொந்தின் வாயை உள்ளிருந்தே மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுதான் திறந்திருக்கும். உள்ளே அதன் இறகுகள் உதிரும். முட்டை பொரியும். குஞ்சு வளர்ந்து சுவரை உடைக்கும் வரை, வெளியே இருக்கும் ஆணின் தொண்டைதான் அவர்களுக்குச் சமையலறை. இந்த வருஷமும் பெட்டை உள்ளே போயிருந்தது.

மரநாய் பங்கு கொடுத்தது முகம் பார்த்து. வாசலில் வந்து நின்றவருக்குப் பங்கு உண்டு. நிற்காதவருக்கு இல்லை. யாரும் கள்ளப் பங்கு வாங்காமல் இருக்கச் சபை அப்படி வைத்திருந்தது.

"என் பெண்டாட்டி மரத்துக்குள்ள இருக்கா. குஞ்சும் பொரிஞ்சாச்சு" என்றது இருவாச்சி.

"யார் பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

"முகத்தைப் பார்த்தியா?"

இருவாச்சிக்குப் பொய் வராது. "அலகு நுனியைப் பார்த்தேன்" என்றது.

"அலகு நுனிக்கெல்லாம் எப்படிய்யா பங்கு போடுறது? வந்து நிக்கச் சொல்லு."

"இறகு உதிர்ந்து கிடக்கா. சுவரை உடைச்சா கீழ விழுந்துடுவா."

"விழுந்தா நானே வாயில தூக்கிட்டு வர்றேன்" என்று மரநாய் சிரித்தது.

இருவாச்சி சிரிக்கவில்லை. அது கரடியிடம் போனது. கரடி பொறுமையாகக் கேட்டது. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் மரத்துக்குள் ஆள் இருப்பதாகச் சொல்வார்கள் என்றது. கோடைக்காகத்தான் சேர்க்கிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றது.

"கோடை வந்தாச்சுக்கா."

கரடி குகை இருந்த பக்கம் பார்த்தது. "இன்னும் மோசமாகும். அப்பத்தான் திறக்கணும்" என்றது.

இருவாச்சி தன் பங்கை அங்கேயே மரநாயின் எதிரில் விழுங்கியது. தின்னவில்லை. தொண்டையில் வைத்துக்கொண்டு மரத்துக்குப் பறந்து, கீற்றின் வழியாகக் கொடுத்தது.

"என்னங்க, போன வருஷம் உங்க தொண்டை ஒரு சந்தை மாதிரி இருக்கும்" என்றது உள்ளேயிருந்து குரல். "இப்போ கடையைக் கட்டிட்டீங்களா?"

குஞ்சுக்கு முதலில் கொடு என்று மட்டும் ஆண் சொன்னது.

முள்ளம்பன்றி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மரத்துக்கு மரம் போய் மூக்கால் சருகைக் கிளறிக் கொட்டைகளைப் பொறுக்கியது. இருவாச்சிகளின் மரத்தடியில் ஒவ்வொரு வருஷமும் சின்னச் சின்னச் செடிகள் இரண்டு இலையோடு எழுந்து நிற்கும். இந்த வருஷம் ஒன்றும் எழவில்லை. காட்டின் தரை சுத்தமாகிவிட்டது. பெரிய மரங்களின் நடுவே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் தெரிந்தது. அழகாக இருக்கிறது என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். பிறகு மான்கள் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டன. குட்டிகளை எங்கே ஒளித்து வைப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. பகலிலேயே அங்கே நடக்கக் கூச்சமாக இருந்தது. எழுந்து போய்விட்ட யாரோ ஒருவருடைய இடத்தில் நிற்பது போல இருந்தது. போனது யார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒருநாள் கோடை மழை பெய்தது. பாறை இடுக்குகளின் வழியாகத் தண்ணீர் குகைக்குள் கசிந்தது.

சில நாள் கழித்து மரநாய் வாசலில் நின்று உள்ளே பார்த்தது. குவியல் உயர்ந்திருந்தது. மழைக்குப் பிறகு யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. அது காதை வைத்துக் கேட்டது. உள்ளே எங்கோ ஆழத்தில் மெல்ல ஏதோ வெடித்தது. இன்னொரு இடத்திலும் வெடித்தது. பிறகு வெதுவெதுப்பான காற்று அதன் முகத்தில் பட்டது.

மரநாய் ஓடிப்போய்க் கரடியை அழைத்து வந்தது.

"அக்கா, குவியல் மூச்சு விடுது."

கரடி இருட்டுக்குள் கையை விட்டது. சூடாக இருந்தது. தூங்கும் குட்டியின் வயிற்றைத் தொட்டது போல, மெல்ல மேலெழுவதாகத் தோன்றியது. கரடி வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"வளருது" என்றது.

செய்தி காடெங்கும் பரவியது. சேர்த்து வைத்த பழம் தானாகவே பெருகுகிறதாம். சபை கூடியது. நாம் போட்டது குட்டி போடுகிறது என்று குரங்கு குதித்தது. வளர்கிற நேரத்தில் கையிருப்பைத் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. ஆகவே எல்லோருடைய பங்கும் பாதியாயிற்று. மரத்தில் மிச்சமிருக்கும் பழங்களையும் கொண்டுவந்து போட வேண்டும். அப்போதுதான் இன்னும் பெருகும். எல்லாம் வந்து சேர்ந்ததும், பாதிப் பங்குக்கென்று கொஞ்சம் பழத்தை மட்டும் வாசலில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடாமலிருக்கக் குகை வாயில் ஒரு கல்லை உருட்டி வைத்தார்கள்.

முள்ளம்பன்றி மட்டும் ஒரு விஷயம் சொன்னது. கடைசியாகக் கொட்டைகளைப் போட உள்ளே போனபோது, இருட்டில் ஏதோ தன் மூக்கைத் தொட்டதாம். மெலிசாக, குளிர்ச்சியாக, விரல் மாதிரி. ஒன்று இல்லை, நிறைய.

"உன் முள்ளு உன்னையே குத்தியிருக்கும்" என்றது மரநாய். எல்லோரும் சிரித்தார்கள்.

பாதிப் பங்கிலும் இருவாச்சி எதையும் தின்னவில்லை. அதன் மார்பெலும்பு வெளியே தெரிந்தது. பறக்கும்போது நடுவில் இரண்டு மரங்களில் உட்கார்ந்து போக வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து வரும் குரல் கேலி பேசுவதை நிறுத்திவிட்டது. பிறகு அந்தக் குரலே வரவில்லை. அலகு நுனி மட்டும் வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. ஒருநாள் அந்த அலகு சிறியதாகவும் வெளுத்தும் இருந்தது. பசியில் அலகும் சுருங்குமா என்று இருவாச்சி யோசித்தது. கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலே பறந்து போனது.

கரடி ஒரு மத்தியானம் அந்த வழியாக வந்தது. சுத்தமான தரையில் அதன் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கும் பறவைச் சத்தமில்லை.

"யாரு?" என்றது மரம்.

கரடி நின்றது. சுற்றிலும் யாரும் இல்லை. குரல் அடிமரத்துக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"நான்தான். கரடி."

"முகத்தைக் காட்டுங்க."

கரடி பின்னங்கால்களில் எழுந்து, மரத்தில் கைகளை ஊன்றி நிமிர்ந்து பார்த்தது. கீற்று வெகு உயரத்தில் இருந்தது. "எட்டலையே" என்றது.

"அப்போ நீங்க இருக்கீங்கன்னு எப்படி நம்புறது?"

குரலில் கேலி இல்லை. அது ஒரு குஞ்சின் குரல். முகம் தெரிந்தால்தான் ஒருவர் இருப்பதாக அர்த்தம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருந்தது. உலகத்தைப் பற்றி அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"உங்கம்மாவைக் கூப்பிடு" என்றது கரடி.

"அம்மா சுவத்துல சாஞ்சிருக்காங்க. பழத்தை வாய்கிட்ட கொண்டுபோனா வாங்கறதில்ல." குஞ்சு கொஞ்சம் யோசித்தது. "முன்னாடியும் வாங்கிட்டு எனக்கேதான் குடுப்பாங்க."

கரடி மரத்தைப் பிடித்தபடியே நின்றது. பிறகு நான்கு காலில் இறங்கிக் குகையை நோக்கி ஓடியது.

"கல்லைத் தள்ளு" என்றது மரநாயிடம்.

"அக்கா, வளர்ற நேரத்துல..."

கரடியே தள்ளியது. அதற்குள் மற்றவர்களும் வந்து கூடிவிட்டார்கள். வெளிச்சம் உள்ளே போனது.

குவியல் தெரியவில்லை. தரையிலிருந்து குகையின் கூரை வரை வெள்ளையாக நின்றிருந்தது. கயிறு போல மெலிந்த வெள்ளைத் தண்டுகள். நுனியில் விரியாத வெளுத்த இலைகள். அத்தனையும் கல் இருந்த பக்கமாகவே வளைந்து நீண்டிருந்தன. பங்கு வாங்க வாசலில் நிற்பவர்கள் கையை நீட்டுவது போல இருந்தன. கல் நகர்ந்ததும், அதில் சாய்ந்து நின்ற சில தண்டுகள் வெளியே சரிந்து கரடியின் காலில் விழுந்தன. குளிர்ச்சியாக இருந்தன. பின்னாலிருந்து அழுகிய நாற்றம் வந்தது.

கரடி தோண்டியது. அடியில் கறுத்த கூழ். பிளந்த கொட்டைகள். தின்ன ஒன்றுமில்லை.

"இது என்னக்கா?" என்று குரங்கு கேட்டது.

கரடி திரும்பிப் பார்த்தது. மரங்களின் நடுவே சுத்தமான தரை மறுகோடி வரைக்கும் காலியாகக் கிடந்தது.

"காடு" என்றது. "வெளியில இருந்திருக்க வேண்டியது."

கூட்டத்துக்குப் பின்னால் இருவாச்சி நின்றிருந்தது. கரடி அதனிடம் வந்தது. உன் வீட்டில் குஞ்சு மட்டும் இருக்கிறது என்று சொன்னது. இருவாச்சி தலையைத் தாழ்த்திக்கொண்டது. தனக்குத் தெரியாது என்று அது சொல்லவில்லை.

"போப்பா. எங்க என்ன கிடைக்குதோ எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போ. இங்க வராதே."

மரநாயின் முன்னங்கால் பழக்கத்தில் பறவையின் கழுத்தை நோக்கி எழுந்தது. பாதியில் கீழே இறங்கியது.

மலைமுகட்டில், யாரும் ஏற முடியாத ஒரு மரத்தின் உச்சியில் கொஞ்சம் ஜாதிக்காய் மிச்சமிருந்தது. இருவாச்சி அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது. கீற்றில் வைத்தது. வெளுத்த சின்ன அலகு வந்து வாங்கிக்கொண்டது. உள்ளே விழுங்கும் சத்தம் கேட்டது. ஆண் பறவை கிளையிலேயே, சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீற்றின் வழியாக ஒரு கொட்டை வெளியே வந்து, கிளையில் தட்டி, தரையில் விழுந்தது.

அந்த வழியாக வந்த முள்ளம்பன்றி பழக்கத்தில் மூக்கை நீட்டியது. கொட்டையை முகர்ந்து பார்த்தது. பிறகு முன்னங்காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டு, தன் வழியே போனது.

பசியை ஒழிக்கப் போடும் சட்டம், கண்ணில் படாத வயிற்றையும் மண்ணுக்குப் போக வேண்டிய விதையையும் மறந்துவிட்டால், அந்தச் சட்டமே பசியாகிவிடும்.