கரடிக்கு ஊத்துன மொத கிளாஸ்

மேகம் படுத்துத் தூங்குற மலை ஒண்ணு, அந்த மலையில ஒரு ஊரு, அந்த ஊர்ல சடையாண்டின்னு ஒரு டீக்கடைக்காரன் இருந்தானாம். ம் கொட்டுங்க, அப்பத்தான் சொல்லுவேன்.

அவனுக்கு ஒரு கரடி சிநேகம். விடியுறதுக்கு முன்னாலயே வந்துரும், மொத கிளாஸ் டீ அதுக்குத்தான். ஊதி ஊதிக் குடிச்சு, சப்புக்கொட்டி, "பதம் சரியா இருக்கு அண்ணே"ன்னு அது சொன்னப்புறந்தான் ஊருக்கு ஊத்துவான். துவர்ப்பு கூடுனாலும் சொல்லும், கொதி பத்தலன்னாலும் சொல்லும். தேன் தின்னு வளந்த நாக்குல்ல! அந்த டீக்குப் பேரு பரவி, ராசாவே பல்லக்குல ஏறி வந்து குடிச்சுட்டு, "தெனமும் அரமனைக்கு ஒரு அண்டா அனுப்பு"ன்னுட்டாரு.

அண்டா நெறையணுமே, தூளுக்கு எங்க போவான்? வடிகட்டுன சக்கையக் காயவச்சு, புளியங்கொட்டைத் தோல இடிச்சுக் கலந்தான். நல்ல தூள் அரமனைக்கு, சக்கைத் தண்ணி ஊருக்கு, கரடிக்கும் அதேதான். நம்ம தம்பிதானே, கோவிச்சுக்காதுன்னு நெனச்சான் பாருங்க, பாவி!

மொத நாள் கரடி, "ருசியே இல்லையே அண்ணே?"ன்னுச்சு.

"தூள் சரியில்ல தம்பி"ன்னான்.

மறுநா, "இன்னைக்கும் ருசியில்லையே அண்ணே?"ன்னுச்சு.

"பால் சரியில்ல தம்பி"ன்னான்.

அதுக்கும் மறுநா கேட்டப்ப எரிச்சல் வந்து, "டீ நல்லாத்தான் இருக்கு, ஒன் நாக்குதான் செத்துப்போச்சு"ன்னுட்டான்.

கரடி கிளாஸக் கீழ வச்சுச்சு. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிக் காட்டுக்குள்ள போயிருச்சு. அப்புறம் வரவேயில்ல.

ருசி பாத்துச் சொல்ல ஆளில்ல, பயமும் விட்டுப்போச்சு, அரமனைக்கும் சக்கையவே அனுப்புனான். ராசா துப்பிட்டு மலையேறி வந்து, "என்னடா இது, கழுநீரா?"ன்னாரு. இவனுக்குத்தான் வாய் பழகிப்போச்சே, "ராசா, ஒங்க நாக்கு..."ன்னு ஆரம்பிச்சான். "அப்ப ஒன் நாக்குல பாரு, அண்டாவையும் நீயே குடி!"ன்னாரு ராசா.

குடிச்சான், குடிச்சான், கொமட்டக் கொமட்டக் குடிச்சான். அப்பத்தான், ஐயோ, இதையா என் தம்பிக்கு ஊத்துனேன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டான்.

நல்ல தூள்ல டீ போட்டு, தூக்குவாளியில எடுத்துக்கிட்டுக் காட்டுக்கு ஓடுனான். கரடி எலும்பும் தோலுமாக் கெடந்துச்சு. பக்கத்துலயே தேன்கூடு சொட்டுது, தொடல. "நாக்கு செத்தவனுக்குத் தேன் எதுக்கு அண்ணே?"ன்னுச்சு.

"இல்லடா, ஒன் நாக்கு நல்ல நாக்கு, நான்தான் பொய் சொன்னேன், இந்தா குடி"ன்னு அழுதுகிட்டே ஊத்துனான்.

கரடி ஒரு வாய் குடிச்சுச்சு. "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற. எனக்கு ஒண்ணுந் தெரியல அண்ணே"ன்னுச்சு. அப்படியே கண்ண மூடிருச்சு.

அண்டாத் தண்ணி குடிச்ச அவன் நாக்கும் அதுக்கப்புறம் ஒரு ருசியும் அறியல. தெனமும் விடியுறதுக்கு முன்னால மொத கிளாஸ கடை வாசல்ல ஊத்திட்டு, "பதம் சரியா தம்பி?"ன்னு கேப்பானாம். யாரு பதில் சொல்லுவா?

அதான் கண்ணுகளா, டீக்கடையில மொத கிளாஸ ரோட்டுல ஊத்துறது. தப்பு ஒன்னுதுன்னா ஒன்னுதுன்னு சொல்லிரு, அடுத்தவன் நாக்கக் கொல்லாத.

கதையும் ஆறிப்போச்சு, கிளாஸும் கழுவிக் கவுத்தாச்சு.