குளிர்பெட்டியை நகர்த்திய கதை

இந்தக் கதையை அருமைநாதன் பல வருடங்களாக நம்பவில்லை. கட்டிச் சொன்ன கதைதான் இவ்வளவு கச்சிதமாக அமையும், நடந்தது அமையாது என்பது அவர் எண்ணம். சொன்னவர் டாக்டர் தயாளன். கதையில் வரும் சீடரும் அவரே.

தயாளனின் குரு பேராசிரியர் ருக்மாங்கதன். அவர் ஆராய்ந்தது பெற்றோர் வழியாகக் குழந்தைக்கு வரும் ஒரு நோய். மூளையின் செல்களுக்குள் கழிவைக் கரைக்கும் என்சைம் இருக்காது. கழிவு சேர்ந்துகொண்டே போகும். நடந்த குழந்தை தவழும், பிறகு படுத்துவிடும்.

தயாளன் எலிகளுக்கு மூன்று சிகிச்சைகளைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். கழிவு உண்டாவதைக் குறைக்கும் மாத்திரை, என்சைமைச் சுரக்க வைக்கும் மரபணு ஊசி, எலும்பு மஜ்ஜை மாற்று.

"எலிங்க கொஞ்ச நாள் கூடுதலா உயிரோட இருந்துச்சு சார். அப்புறம் எல்லாம் செத்துப்போச்சு. மூணுமே பிரயோஜனமில்ல, விட்டுடலாம்."

"சேர்த்துக் கொடுத்துப் பார்த்தியா?"

"சேர்த்துக் கொடுத்தா எது வேலை செஞ்சதுன்னு எப்படி சார் தெரியும்?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். சிகிச்சைகளுக்கு அனுமதி தரும் குழுவும் இதே கேள்வியைத்தான் அவரிடம் கேட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆய்வகத்தில் பிளக் கருகி, மருந்து வைத்திருந்த பெரிய குளிர்பெட்டி நின்றுபோனது. அதை அடுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

"தள்ளு" என்றார் பேராசிரியர்.

தயாளன் தள்ளினார். "நகரல சார்."

"அப்போ நீ பிரயோஜனமில்ல. போய் உட்காரு. செபாஸ்டின், நீ வாய்யா."

லேப் டெக்னீஷியன் செபாஸ்டின் முக்கி முனகித் தள்ளினார்.

"நீயும் போய் உட்காரு."

கடைசியில் பேராசிரியரே தோள் கொடுத்தார். மூச்சு வாங்கியது. "நானும் தேறல. மூணு பேரையும் விட்டுடு."

"உள்ள மருந்து உருகுது சார். சேர்ந்து தள்ளலாம்."

"சேர்ந்து தள்ளினா யார் நகர்த்தினதுன்னு எப்படிய்யா தெரியும்?"

மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். பெட்டி போய்ச் சேர்ந்தது.

இதைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். அருமைநாதனுக்கு எரிச்சல்தான் வரும்.

அவர் மகன் ஜெரினுக்கு அந்த நோய் வந்தபோது, குழு மாத்திரையை மட்டும்தான் அனுமதித்தது. பிறகு, பலனில்லை என்று எழுதி அதையும் நிறுத்தியது. ஆனால் அந்த மாத்திரை சாப்பிட்ட நாட்களில், கூப்பிட்டால் திரும்பாத பையன் அப்பாவின் பைக் சத்தத்துக்கு வாசல் பக்கம் தலையைத் திருப்பினான். ஒருமுறை அல்ல, தினமும். "பெத்தவங்களுக்கு அப்படித் தோணும் சார்" என்று சொன்னவரும் தயாளன்தான். மாத்திரை நின்ற பிறகு பையன் தலையைத் திருப்பவில்லை. அந்த மழைக்காலத்தில் போய்விட்டான்.

இந்த வருடம் மூன்று சிகிச்சைகளையும் சேர்த்துக் கொடுக்க அனுமதி வந்தது. பெற்றோர் கூட்டத்தில் தயாளன் மறுபடியும் குளிர்பெட்டிக் கதையைச் சொன்னார். மடியில் குழந்தைகளோடு இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

டீ இடைவேளையில் அருமைநாதன் அவரிடம் போனார்.

"வாங்க சார். இன்னும் என் கதையை நம்பலையா?"

"நம்புறேன் டாக்டர். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க தனியாத் தள்ளினப்போ, அந்தப் பெட்டி கொஞ்சம்கூடவா நகரல?"