பொருளதிகாரியின் நொண்டிச் சேவல்

ஆற்றுமீன்கூட அரண்மனைக்கு வரி கட்டிய அந்தக் காலத்திலே, நெல்லிவன நாட்டைத் தும்பைமாறன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான். கஞ்சி குடித்ததும் வேறொன்று சொல்வான்.

அவனுடைய மந்திரி வெண்ணி ஒரு பள்ளி நடத்தினாள். மனிதன் ஏன் ஒன்றை எடுக்கிறான், ஏன் ஒன்றை விடுகிறான்? அங்கே அதுதான் பாடம். சந்தைக் கணக்கு தெரிந்தவர்களும் மனசின் போக்கு தெரிந்தவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள்.

பொருளதிகாரி அரிகண்டனுக்கு அந்தப் பள்ளி கண்ணில் விழுந்த தூசி. ஒருநாள் சபையில் மூக்காலேயே பேசினான்.

"மகாராஜா, மனுசன் ஒரு தராசு. எந்தத் தட்டு கனமோ அந்தப் பக்கம் சாய்வான். இதுல மனசுக்கு என்ன வேலை? அந்தப் பள்ளியை இடிச்சுட்டு யானைக்கொட்டாரம் கட்டலாமே!"

ராஜாவுக்கு யானை என்றால் உயிர். "ஆகா! வெண்ணி, இவர் சொல்றது தப்புன்னு பௌர்ணமிச் சபையில காட்டு. இல்லேன்னா யானை உள்ளே, நீ வெளியே!"

அந்த நேரம் பார்த்து, மடைப்பள்ளியிலிருந்து தப்பிய சேவல் ஒன்று நொண்டிக்கொண்டே சபைக்குள் வந்தது. வாலில் பாதி இறகைக் காணோம்.

"ஐயா, இது என்ன பெறும்?" என்றாள் வெண்ணி.

"இதுவா? ஒரு பிடி கம்பு. அதுவும் புழுத்த கம்பு!"

வெண்ணி ராஜாவின் காதில் ஏதோ சொன்னாள். ராஜா மீசைக்குள் சிரித்தான். "அரிகண்டரே, சேவல் உமக்கே பரிசு!"

நெல்லிவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா கொடுத்த பிராணிக்கு வாங்கியவர் அங்கேயே பெயர் வைக்க வேண்டும். பௌர்ணமிக்குத் தன் கையால் தூக்கிவந்து காட்டவும் வேண்டும்.

"ரத்தினம்னு வெச்சுத் தொலைங்க" என்றான் அரிகண்டன்.

பௌர்ணமி வந்தது. அரிகண்டன் வந்தான். இடுப்பில் சேவல்; சேவல் கழுத்தில் பட்டு நாடா. "தள்ளுங்கப்பா! என் ரத்தினத்துக்கு மூச்சு முட்டுது!"

ராஜா தொண்டையைக் கனைத்தான். "சேவலைத் திருப்பிக் கொடும். பதிலுக்குக் கன்றோடு கறவைப்பசு தர்றேன்."

அரிகண்டன் சேவலை இறுக்கி அணைத்தான். "மன்னிக்கணும் மகாராஜா, பசு வேண்டாம். நான் திட்டினா இவன் தலையைச் சாய்ச்சுக் கேக்கறான். எங்க வீட்டுல வேற யாரு கேக்கறா?"

வெண்ணி எழுந்தாள். "வால் முளைச்சுதா ஐயா?"

"இல்லை."

"கால் நேராச்சா?"

"இல்லை..."

"அப்போ, புழுத்த கம்பு பெற்ற சேவலுக்குப் பசுவே போதலைன்னா, உங்க தராசுல என்னதான் ஏறி உட்கார்ந்துச்சு?"

கொக்கரக்கோ என்றது சேவல். சபை கொல்லென்று சிரித்தது.

வெண்ணி நிமிர்ந்து நின்றாள். "'என்னுது'ங்கிற நினைப்பு, மகாராஜா! வாங்கும்போது ஒரு விலை, விட்டுக்கொடுக்கும்போது வேற விலை. பசுவும் சேவலும் கணக்கு, 'என்னுது' மனசு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் படிக்கிற பள்ளி என்னுடையது!"

"பலே!" ராஜா தொடையைத் தட்டினான். "கொட்டாரத்தை அரிகண்டரின் மாந்தோப்பில் கட்டுவோம்!"

"ஐயோ, என் தோப்பு!"

மறுபடியும் சிரிப்பு.

"வெண்ணி, உனக்கு என்ன பரிசு வேணும்?"

"பள்ளிக்கு நீங்களே உங்க வாயால ஒரு பெயர் வைக்கணும், மகாராஜா."

"அவ்வளவுதானா? தும்பைமாறன் கல்விச்சாலை!"

மறுநாள் கஞ்சி குடித்ததும் ராஜா வழக்கம்போல மாறினான். மாந்தோப்பு தப்பியது. "அப்படின்னா, பழையபடி பள்ளியையே இடிச்சுடலாமா?" என்று சேனாபதி கேட்டதுதான் தாமதம், கஞ்சிக் கலயம் பறந்தது.

"யாரோட பள்ளியைடா இடிப்பே?"