பச்சை பியூஸ்

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி ரோடு மலையேறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கோகிலவாணியின் பட்டறை. வண்டிகளுக்கு ஒயரிங் வேலை. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. அவளிடம் தொழில் படிக்க வந்த நஞ்சப்பனுக்கு ஐம்பத்திரண்டு.

"ஏனுங்க நஞ்சப்பா, இன்னைக்குப் பாடம் ஒப்பிச்சாச்சா? முட்டி போடச் சொன்னாங்களா?" என்று எதிர் டீக்கடைக்காரர் தினமும் கேட்பார்.

"போட்டா எந்திரிக்க மாட்டான்னு விட்டுட்டாங்க" என்பார் நஞ்சப்பன்.

அவர் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார். அவள் அவரை அண்ணா என்றாள்.

அந்த மாதம் பட்டறையில் ஒரு கிழட்டு அம்பாசிடர் நின்றது. கோத்தகிரி ஆல்பர்ட் சாருடையது. அவர் மனைவி ரெஜினா டீச்சருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக மலையிறங்கி வந்து திரும்ப ஏற வேண்டும். ஏறும்போது டீச்சரால் உட்கார முடியாது. அந்தப் பின்சீட்டில் மட்டும்தான் கால் நீட்டிப் படுக்க முடிந்தது. ஆனால் பழைய எஞ்சின் ஏற்றத்தில் கொதித்துப் போய் இரண்டு தடவை அவரை நடுவழியில் நிறுத்திவிட்டது.

"வண்டி இதுவே இருக்கட்டும், எஞ்சினை மட்டும் மாத்திக் குடுங்க" என்றார் ஆல்பர்ட் சார்.

மெக்கானிக் வந்து புது எஞ்சினைப் பொருத்திவிட்டுப் போனார். விபத்தில் நொறுங்கிய வேறொரு காரின் எஞ்சின் அது. கூடவே அதன் கம்ப்யூட்டர் பெட்டியும் வந்தது, மணிக்கட்டுத் தடிமனில் ஒரு ஒயர்க்கட்டும் வந்தது. அம்பாசிடரின் பழைய ஒயர்களைக் கழற்றியபோது ஒரு முறத்தில் அடங்கின. புதியதைப் பிரித்தபோது பட்டறைத் தரை போதவில்லை.

அவள் சொல்லச் சொல்ல நஞ்சப்பன் இணைத்தார். ஒவ்வொரு முனையையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். வீட்டில் சோற்றில் கை வைத்த பிறகும் விரல் எதையோ இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒயரிங் செய்த கைதான் முதல் தடவை வண்டியை மலையேற்ற வேண்டும். சனிக்கிழமை ஏற்றிப் பார்ப்பது, திங்கட்கிழமை டீச்சரை ஏற்றுவது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலையில் நஞ்சப்பன் கேட்டார்.

"மாஸ்டர், எனக்குப் பயமா இருக்குதுங்க."

"தெரியுதுங்கண்ணா. ஸ்க்ரூட்ரைவர் தாளம் போடுதே."

"இது போகறதுக்கு என்னங்க பண்றது?"

கோகிலவாணி பியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"விளக்கு லைன் எட்டும் சிவப்பு. பத்து ஆம்பியர். மாட்டிட்டு இருங்க, டீ சொல்லிட்டு வந்தர்றேன்."

ஒயரில் அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால், தான் முதலில் அறுந்து ஒயரைக் காப்பாற்றுவது பியூஸ். முதல் நாள் படித்த பாடம். ஆனால் பியூஸ் என்றாலே நஞ்சப்பனுக்கு ராயப்பன்தான் நினைவுக்கு வருவான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே ரோட்டில், முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியை நஞ்சப்பன் ஓட்டி மலையிறங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் மூடுபனி. வளைவில் பியூஸ் போயிற்று. முன்விளக்கு, பின்விளக்கு எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. லாரியை நிறுத்தினார். கிளீனர் ராயப்பன் துண்டை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய் நின்றான். நஞ்சப்பன் கண்ணாடியில் துண்டு ஆடுவதைப் பார்த்தார். ஒரு பஸ்ஸின் சத்தம் கேட்டது. அப்புறம் துண்டு ஆடவில்லை.

அதற்குப் பிறகு அவர் மலையில் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. தொழில் படிக்க வந்த அன்றே இதைக் கோகிலவாணியிடம் சொல்லியிருந்தார்.

டீக்கடைப் பக்கம் பார்த்தார். கோகிலவாணி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். டப்பாவுக்குள் சிவப்பு பியூஸ்களுக்குப் பக்கத்தில் பச்சை பியூஸ்கள் கிடந்தன. முப்பது ஆம்பியர். லேசில் போகாது.

எட்டுப் பச்சையையும் மாட்டினார். எட்டுச் சிவப்பையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியை அழுத்தினார். இனிமேல் விளக்கு அணையாது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, மலையை நினைத்தும் அவருக்குக் கை நடுங்கவில்லை.

"ஆச்சுங்களா?"

"ஆச்சுங் மாஸ்டர்."

அவள் மூடியைத் தட்டிப் பார்த்தாள். திறந்து பார்க்கவில்லை.

வண்டி கிளம்பியது. புது எஞ்சின் ஏற்றத்தைச் சட்டையே செய்யவில்லை. நஞ்சப்பன்தான் காலை அழுத்தாமல் உருட்டினார்.

"ஏனுங்கண்ணா, சைக்கிள்காரனுக்கெல்லாம் வழி விடறீங்க. இத்தனை பாடுபட்டு எஞ்சின் மாத்தினது எதுக்கு?"

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. மூன்றாவது வளைவு தாண்டியதும் மூடுபனி இறங்கியது. முன்னால் ரோடு பத்தடிக்கு மேல் இல்லை. விளக்கைப் போட்டார். எரிந்தது. அணையாது, அணையாது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அடுத்த வளைவில் மூக்கில் ஏதோ ஏறியது.

"மாஸ்டர், ஒரு வாசம் வருதுங்க."

"பிரேக்கா?"

"இல்லீங். இது வேற."

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிந்தன.

"ஓரங்கட்டுங்க! ஓரங்கட்டுங்கண்ணா!"

மண்ணில் இறக்கி நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தினார். விளக்குச் சுவிட்சை அணைத்தார். புகை நிற்கவில்லை. கோகிலவாணி குதித்து ஓடி, பானெட்டைத் தூக்கி, பேட்டரி ஒயரை வெறுங்கையால் பிடுங்கினாள்.

வண்டியில் இனி ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. சுற்றிலும் வெள்ளையாய் மூடுபனி. கீழே, வளைவுக்கு அப்பால், ஒரு பஸ் உறுமிக்கொண்டு ஏறி வந்தது.

நஞ்சப்பன் யோசிக்கவில்லை. சீட்டில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். முப்பது தப்படி தள்ளி, ரோட்டோரம் நின்று வீசினார். கத்தினாரா இல்லையா என்பது அவருக்கே தெரியவில்லை. பனியைக் கிழித்துக்கொண்டு இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்தன. பெரிதாகிக்கொண்டே வந்தன. நின்றன.

"யோவ், வண்டி நிறுத்தற எடமாய்யா இது? வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று டிரைவர் திட்டினார்.

பஸ் ஒதுங்கி மெதுவாகக் கடந்து போயிற்று. பின்விளக்கு மறையும்வரை நஞ்சப்பன் துண்டை வீசிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபோது கோகிலவாணி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் கறுத்திருந்தன.

"மாஸ்டர், உங்களுக்கும் கை நடுங்குதுங்களே."

"நடுங்காம என்னங்க பண்ணும்?"

கருகிய ஒயரைக் காட்டினாள்.

"பழைய தகரத்துல புதுசா ஓட்டை போட்டு இதை உள்ளே விட்டேன். விளிம்புக்கு ரப்பர் வளையம் போடணும். போடல. வண்டி குலுங்கிக் குலுங்கி விளிம்பு ஒயரை அறுத்திருக்குது."

"நீங்க மறந்தீங்களா?"

"நானேதான். நாளைக்கும் எதையாவது மறப்பேன். அதுக்குத்தானே பியூஸ் வெக்கறது. அது ஏன் போகலைன்னுதான் எனக்குப் புரியல."

பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தாள். பார்த்தாள். எட்டும் பச்சை.

"சிவப்பெல்லாம் எங்கீங்?"

"பையில."

"ஏனுங்கண்ணா?"

"அணைஞ்சுருமோன்னு..." நஞ்சப்பன் துண்டைச் சுருட்டினார். "ராயப்பன் மாதிரி இன்னொருத்தர் எறங்கி நிக்கக் கூடாதுன்னுதானுங்க."

"அந்த லாரில விளக்குக்கெல்லாம் எத்தனை பியூஸ்?"

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணு."

"இதுல?"

"எட்டு."

"ஒண்ணு போனா?"

"மீதி ஏழும் எரியுமுங்க." நஞ்சப்பன் பின்சீட்டைப் பார்த்தார். ஆல்பர்ட் சார் விட்டுப்போயிருந்த தலையணை அங்கே அப்படியே இருந்தது. அதன் உறையில் யாரோ கையால் ஒரு மைனா தைத்திருந்தார்கள்.

"திங்கட்கிழமை டீச்சர் அங்கே படுத்திருந்தா..." என்றார்.

கோகிலவாணி கருகிய ஒயரை வெட்டி எடுத்தாள்.

பனி கொஞ்சம் விலகி, எதிர்ச்சரிவில் தேயிலை தெரிந்தது. நஞ்சப்பன் சட்டைப் பையிலிருந்து சிவப்பு பியூஸ்களை எடுத்துப் பானெட் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று விழுந்தது. குனிந்து எடுத்தார்.

"காலைல கேட்டனுங்களே மாஸ்டர், பயம் போக என்ன பண்றதுன்னு. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் இதைத் தொட்டிருக்க மாட்டனுங்க."

அவள் அவருடைய கைகளை விரிக்கச் சொன்னாள். ஒரு கையில் கருகிய ஒயரை வைத்தாள். மறு கையில், பெட்டியிலிருந்து பிடுங்கிய பச்சை பியூஸை வைத்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. கடையில் வாங்கியது போலவே இருந்தது.

"எஞ்சின் பயப்படாது. ஒயர் பயப்படாது. பயப்படறதுக்குன்னு இந்த வண்டில இருக்கறது பியூஸ் மட்டும்தானுங்கண்ணா" என்றாள். "அதுக்குப் போயி தைரியம் சொல்லி வெச்சுட்டீங்களே."