குறையில்லாத வீடு

மிராசுதார் சங்கரபாண்டியம் தன் பழைய ஓட்டு வீட்டுக்குப் புதுசாய்ச் சுண்ணாம்பு அடித்து, சித்திரை வெயிலில் அதை வண்டிக்காரன் மாடக்கண்ணு தலையில் கட்டப் பார்த்தார். மாடக்கண்ணு மடியில் இருந்தது சொந்த மாடுகள் இரண்டையும் விற்ற பணம்.

ஊர் முன்னால் மிராசுதார் சொன்னார்: “ஒரு குறை சொல்லுலே, பார்ப்போம். இல்லைன்னா இன்னைக்கே கிரயம்.”

மாடக்கண்ணு சுவர்களைச் சுற்றிப் பார்த்தான். ஒரு கறை தெரியவில்லை.

“குறை ஒண்ணுமில்ல எசமான். உங்க பத்திரப் பெட்டியை மட்டும் ஐப்பசி முடியுமட்டும் இந்தக் கூடத்துல வச்சிருங்க. பெரியவங்க பெட்டி இருந்தா வீட்டுக்கு ராசி. கார்த்திகை பிறந்ததும் கிரயம் பண்ணிக்கிடுதேன்.”

“மடப்பயலே, அம்புட்டுப் பத்திரமும் நனைஞ்சு போகுமே” என்றார் மிராசுதார்.

மாடக்கண்ணு கும்பிட்டுவிட்டு, மாடுகளைத் திரும்ப வாங்கிவரப் புறப்பட்டான்.